வரப்புக்குள் ஒரு களஞ்சியம்



கதிர் முற்றினால் அறுப்புக்கு வருவது நாம் மட்டும் இல்லை. எலியும் வருகிறது. அறுப்பு முடிந்து வரப்பை வெட்டிப் பாருங்கள். வளைக்குள் கொத்துக் கொத்தாக நெற்கதிர் இருக்கும். தின்றது போக அது சேர்த்து வைத்தது! திருடன்தான், ஆனால் சிக்கனக்காரத் திருடன்.

இந்தத் திருடனைப் பிடிக்க நம் பக்கத்தில் ஒரு பழைய பொறி உண்டு. பேரே தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டியது. பொழுது சாயும்போது இரை வைத்து வயலில் வைப்பார்கள். எலி இரையை இழுத்தால் போதும், வில் விடுபட்டு இறுக்கிவிடும். விடியற்காலை போய் எடுத்து வரலாம். விஷம் இல்லை. அதனால் நாய்க்கும் கோழிக்கும் விஷ பயம் இல்லை.

ஆனால் எப்போது வைப்பது? கதிர் வருமுன். ஆமாம், கதிர் வருமுன்! வந்த பிறகு வயல் முழுக்க எலிக்கு விருந்து. நீங்கள் வைக்கும் ஒரு பிடி இரையை ஏன் சீண்டப்போகிறது?

வரப்பையும் ஒடுக்கமாகக் கட்டுங்கள். அகல வரப்பு எலிக்கு மாடிவீடு.

கதிர் இன்னும் வரவில்லை என்றால், இன்றைக்கே வயலை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வளை வாயில் புது மண் கிடந்தால், ஆள் உள்ளேதான் இருக்கிறார். இன்று சாயங்காலமே கிட்டியை வைத்துவிடுங்கள்.