வீட்டு மொழியும் ஆய்வுத் தகுதியே



இலக்கியத்தையும் வரலாற்றையும் கணினி கொண்டு ஆராயும் துறைக்கு, இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் செல்லவிருக்கிறீர்கள். பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஓர் உரையைச் சொற்களாகப் பிரிக்கப் பலரும் வழக்கமாக எழுதும் கட்டளை ஒன்று உண்டு. அதனிடம் ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகள் வரும். இகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே எண்ணுவதில்லை. இந்திக்கும் வங்காளத்துக்கும் இதே கதிதான். ஆங்கில நூலை ஆராய்பவர் காலையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார். நம் மாணவர் முதலில் கருவியைச் செப்பனிட வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பை ஆய்வு என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இது அநீதி.

கணக்கில் வராத இந்த உழைப்பு சுவடிகளிலும் உண்டு. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. சுமார் 11,000 சுவடிகள்; பெரும்பாலானவற்றின் மொழி சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம். ஓலையைப் படமெடுக்கக் கருவி போதும். அது எந்த ஆகமம், எந்த ஏடு இடம் மாறிக் கிடக்கிறது என்று சொல்ல, மொழியும் எழுத்தும் ஒருசேரக் கற்ற மனிதர் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் முயற்சியில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்தவர்கள் தன்னார்வலர்கள். இன்று அந்த உரைகளை எடுத்தாளும் எத்தனை ஆய்வேடுகள் அவர்களுக்கு நன்றி சொல்கின்றன?

தமிழுக்குக் கேட்கும் நியாயத்தை நம் அண்டை வீட்டு மொழிகளுக்கும் நாம் தர வேண்டும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கலாம். அந்த மொழியின் எழுத்துக்கு 2008இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. இனி அதில் உரைகளைத் திரட்டி, பிழை நீக்கி, அகராதி சேர்க்க ஆள் வேண்டும். பாட்டியிடம் கேட்டு வளர்ந்த ஒருவரால்தான் அது முடியும். இருளர், தோடர் மொழிகளைப் பேசும் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் உங்கள் மொழியை மறைக்காதீர்கள். தகுதிகளில் முதலாவதாக எழுதுங்கள்.

மேடையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிழை திருத்திய உரைத்தொகுப்பையும் சுவடி அட்டவணையையும் சொற்பிரிப்பு நிரலையும் ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக மதிப்பிடுங்கள். ஆய்வேட்டைத் தாய்மொழியில் எழுத விரும்பும் மாணவருக்கு மொழிபெயர்ப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கட்டும். வரும் கல்வியாண்டின் விதிமுறைகளிலேயே இவ்விரண்டையும் சேர்க்க முடியும்.