உடம்புக்கு இல்லை, கிருமிக்குத்தான் பழகிப்போச்சு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது)



"அந்த மாத்திரை எனக்குப் பழகிப்போச்சு சிஸ்டர், இப்ப கேக்க மாட்டேங்குது" என்று பல அக்காமார் என்னிடம் சொல்வதுண்டு. பழகியது உங்கள் உடம்புக்கு இல்லை, கிருமிக்கு. அதனால் அந்தக் கிருமி உங்களிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றினாலும், அவனுக்கும் அதே மருந்து கேட்காது. அவன் அதை ஒரு வேளைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டான்!

நாம் பேசுவது ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி. அமாக்சிசிலின், அசித்ரோமைசின் எல்லாம் இந்த வகைதான். இவை பாக்டீரியா என்ற கிருமியைத்தான் கொல்லும். சாதாரண சளி, ஃபுளூ காய்ச்சல் எல்லாம் வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்து ஒன்றும் செய்யாது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற பேதியும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும், 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும்தான் வைத்தியம். மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, பால் குடிக்காவிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டால், நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுத் தருகிறார்கள். (இதைச் சொன்னால் கடைக்காரர்கள் கோவிச்சுக்குவாங்க, பரவாயில்லை.) அதில் ஆன்டிபயாடிக் இருந்தால், இரண்டு வேளையில் நோஞ்சான் கிருமிதான் சாகும். தாக்குப்பிடித்தது தங்கி, பெருகும். பென்சிலினை 1928-இல் கண்டுபிடித்த ஃபிளெமிங், குறைந்த அளவில் சாப்பிட்டால் இப்படி ஆகும் என்று 1945-இலேயே எச்சரித்தார். 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சாதாரண மாத்திரை கேட்காவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, விலை கூடின ஊசி போட வேண்டும். குழுவில் வாங்குகிற உள்கடன் எத்தனை, வைத்தியச் செலவுக்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மாட்டு லோன் வாங்கிய சகோதரிகள் இதைக் கவனித்துக் கேளுங்கள். மடிநோய்க்குக் காம்பில் மருந்து ஏற்றினால், ஊசி போட்டால், அந்த மருந்து பாலில் வரும். காய்ச்சினாலும் முழுக்கப் போகாது. அந்தப் பாலை உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் சரியாக உறையாது. உறைய வைக்கிற நல்ல கிருமியையும் மருந்து அடக்கிவிடுகிறது! எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை வீட்டுக்கும் வேண்டாம், சொசைட்டிக்கும் வேண்டாம், கன்றுக்கும் வேண்டாம். நாலு நாள் பால் காசு போகுதேன்னு வருத்தமாத்தான் இருக்கும். ஆனால் உங்கள் ஒரு செம்புப் பால் ஊர்ப் பாலோடு கலந்துவிடும், பாருங்க.

மாத்திரை அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. டாக்டர் 5 நாள் எழுதினால், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, வீட்டில் டப்பாவில் மிச்சம் கிடக்கிற அட்டைகளை எல்லாம் எடுத்துட்டு வாங்க. எது எதுக்குன்னு உட்கார்ந்து பார்த்துடலாம்.