காரணம் தெரியாத நோயும் நோய்தான்
(தஞ்சோங் ரம்புத்தானில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயரைக் கேட்டாலே சிரிப்பவர்கள் நாட்டில் உண்டு. 1911-ஆம் ஆண்டில் இங்கே மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதற்குப் பகாகியா மருத்துவமனை என்று பெயர். பகாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனால் ஒருவர் சற்று மாறிப் பேசினால் போதும், "இவரைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி செய்யும் பழக்கம் நம் லயங்களிலும் இருந்தது. இன்னும் முற்றாகப் போகவில்லை. அந்தக் கேலி நோயாளியின் வாயை எப்படி அடைக்கிறது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

நம் சகோதரி ஒருவர். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஒரு நாள் வலது கை விரல்கள் மரத்துப் போயின. கத்தி நழுவியது, மரத்தில் காயம் பட்டது. பிறகு காலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. டிரஸ்ஸர் வலி மாத்திரை கொடுத்தார். நகரத்தில் இரத்தம் சோதித்தார்கள், படம் பிடித்தார்கள். ஒரு மருத்துவர் கழுத்தெலும்பு என்றார். மற்றொருவர் சத்துக் குறைவு என்றார். மூன்றாமவர் "ஒன்றுமில்லை" என்றார். அந்தச் சகோதரி வீடு திரும்புமுன் "ஒன்றுமில்லை" என்ற சொல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது!

தண்டல் நடிப்பு என்றார். பக்கத்து வீட்டார் செய்வினை என்றார்கள். செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாங்களாவது ஒழுங்காக நடந்தோமா? வராத நாளுக்கு நேரே 'ஆப்சென்ட்' என்று எழுதினோம். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பேச்சும் காதில் விழவே, அவர் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிட்டார்.

தோழர்களே! மருத்துவருக்குக் காரணம் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று ஆகிவிடுமா? இந்த நாட்டின் சரித்திரம் இரண்டு முறை இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

முதலாவது, பெரிபெரி. கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் பலவீனப்பட்டு உயிரைக் குடித்த நரம்பு நோய் அது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் மடிந்தார்கள். தொற்று என்றும், கெட்ட காற்று என்றும் மருத்துவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் இந்நோய் குறைவாக இருப்பதை டாக்டர் பிராடன் கவனித்தார். 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெச்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்தே காரணம் என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. "பைத்தியம்" என்று உலகம் ஒதுக்கிய மனிதர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுத் தந்த பாடம் இது. அவர்களையா நாம் கேலி செய்வது?

இரண்டாவது, நம் கிந்தா மாவட்டத்திலேயே நடந்தது. 1998-ஆம் ஆண்டு இறுதியில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் மூளை அழற்சியும் கண்டன. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கோ பன்றிகளோடு உழைத்த பெரியவர்கள் விழுந்தார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. மொத்தம் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். யார் விழுகிறார்கள், என்ன வேலை செய்தவர்கள் என்ற கேள்விதான் உண்மைக்கு வழி காட்டியது. அந்த விவரம் தொழிலாளியிடம் இருக்கிறது தோழர்களே!

நம் சகோதரியின் நோய்க்கு இன்றுவரை உறுதியான பெயர் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகலாம். நரம்பில் சேதம் எதுவும் தெரியாமலே அதன் இயக்கம் மட்டும் தடுமாறும் நோய்களும் உண்டு என்று இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. அதுவும் நடிப்பல்ல. மனத்தில் வரும் நோயும் இழிவல்ல. பெயர் வரும்வரை அவர் காத்திருக்கலாம். ஆனால் வயிறு காத்திருக்காது. ஆகவே சங்கம் பேசி, கத்தி பிடிக்காத இலகுவான வேலைக்கு அவரை மாற்றியிருக்கிறது. வைத்தியமும் மீண்டும் நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. எந்த நாள், எந்தக் கை, எவ்வளவு நேரம் மரத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மருந்து அடிப்பவர்கள் டின்னில் உள்ள பெயரை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இனிப்புநீர் சோதனையை மறக்க வேண்டாம். கால் மரப்புக்கு அதுவும் பெரிய காரணம். முகம் ஒருபுறம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் திடீரெனச் செயலிழந்தாலோ, அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவ விடுப்புச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி தொழில் நோய்க்கும் நிரந்தர இயலாமைக்கும் சொக்சோவில் மனுச் செய்யும்போது அந்தச் சீட்டுகளே சாட்சி.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பேரேட்டில் 'ஆப்சென்ட்' என்று எழுதுமுன் ஆளைக் கேளுங்கள். நோய் என்றால் நோய் என்றே எழுதுங்கள்.

மருத்துவர் "தெரியவில்லை" என்று சொன்னால் அது நேர்மையான பதில். "ஒன்றுமில்லை" என்று நாம் சொன்னால் அது அநியாயம். நம் லயத்தில் அந்தச் சொல் இனி ஒலிக்க வேண்டாம் என்று கேட்டு விடைபெறுகிறோம்.