மரவள்ளியில் புதிய மாவுப்பூச்சி: இனம் கண்டு கொள்ளுங்கள்



மரவள்ளிக் காட்டில் நுனிக் குருத்து சுருண்டு, முட்டைக்கோசுபோல் உருண்டு நிற்பதைப் பார்த்தால், "பப்பாளியில் வந்த அதே மாவுப்பூச்சிதானே" என்று இருந்துவிடாதீர்கள். இது வேறு பூச்சி. இதை அடக்கும் இயற்கை எதிரியும் வேறு. ஆகவே முதலில் இனம் காண்பது மிக அவசியம்.

இப்பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியே உணவான பல நாடுகளில் பேரிழப்பை உண்டாக்கியது. 2008-இல் தாய்லாந்தில் காணப்பட்டது. நம் நாட்டில் 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பரவியது.

இறக்கையில்லாத பூச்சி எப்படி இவ்வளவு தூரம் வந்தது? இளங்குஞ்சுகளைக் காற்று பக்கத்துக் காட்டிற்குக் கொண்டு செல்லும். ஆனால் ஊர் விட்டு ஊர் கொண்டு செல்வது நாம் வண்டியில் ஏற்றும் விதைக்கரணைகளே. இந்த இனத்தில் ஆண் துணையின்றியே பெண் பூச்சி முட்டையிடும். ஆதலால் கரணையின் கணுவில் ஒரே ஒரு பூச்சி ஒட்டி வந்தாலும் போதும், காடு முழுவதும் பெருகிவிடும்.

இனம் காணும் முறையைச் சொல்கிறேன். மாவை மெல்லத் துடைத்துப் பாருங்கள். உடல் இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி. மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. பின்புறம் இரண்டு நீண்ட வால் இழைகள் இருந்தால் அது இவ்விரண்டும் அல்லாத வேறு இனம். மரவள்ளி மாவுப்பூச்சி தாக்கிய செடியில் கணு இடைவெளி குறுகி, தண்டு கோணலாகி, குருத்து கொத்தாகிவிடும். இலையில் மஞ்சள் தேமல் மட்டும் இருந்து பூச்சி இல்லையென்றால் அது தேமல் நோய், மாவுப்பூச்சி அல்ல.

கோடைக் காலத்தில் இதன் தாக்குதல் அதிகம். இளம் பயிரில் வந்தால் கிழங்கு சிறுத்துவிடும். பாயிண்ட் பார்த்து விலை சொல்லும் ஆலையில் உங்கள் உழைப்புக்குரிய விலை கிடைக்காது.

இதற்கு நல்ல மருந்து ஒரு சிறு குளவி. 'அனாகைரஸ் லோபசி' என்பது அதன் பெயர். 1981-இல் நைஜீரியாவில் விடப்பட்டு, ஆப்பிரிக்க நாடுகளில் பூச்சியை அடக்கிய குளவி இது. பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்றுவிடும். பூச்சி உப்பி, பழுப்பு நிறமாகி, கூடுபோல் கெட்டியாகும். அந்தக் கூட்டைக் கண்டால் மகிழுங்கள். உங்கள் காட்டில் குளவி வேலை செய்கிறது.

அப்போது கடும் பூச்சிமருந்தைத் தெளித்தால் முதலில் மடிவது குளவிதான். மாவுப்பூச்சியோ சுருண்ட குருத்துக்குள் ஒளிந்து தப்பி, மீண்டும் பெருகும். காசும் போயிற்று, காவலும் போயிற்று என்றாகிவிடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை இவை. பூச்சியில்லாத காட்டிலிருந்தே கரணை எடுங்கள். தாக்கிய காட்டுக் குச்சியை வெளியூருக்கு அனுப்பாதீர்கள். அறுவடைக்குப்பின் பூச்சியுள்ள குச்சிகளை வரப்பில் குவித்து வைக்காமல் எரித்துவிடுங்கள். நட்டபின் வாரம் ஒருமுறை குருத்துகளைப் பாருங்கள். தொடக்கத்திலேயே தாக்கிய நுனிகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டு அப்புறப்படுத்துங்கள். பழுப்புக் கூடுகள் இருக்கும் நுனிகளை மட்டும் செடியிலேயே விட்டுவிடுங்கள். குளவி இல்லாத காடானால் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகிக் கேளுங்கள்.

ஒருவர் மட்டும் செய்தால் பயன் குறைவு. குளவிக்கு வரப்பு தெரியாது, மாவுப்பூச்சிக்கும் தெரியாது. பக்கத்துக் காட்டுக்காரரிடமும் இன்றே இதைச் சொல்லுங்கள்.