அந்த இடத்தில் ஒரு படை: டாக்டரிடம் சொல்லக் கூச்சமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வரவு செலவு வாசித்து முடித்தாச்சு. ஆண்கள் யாரும் இல்லை, கதவையும் சாத்தியாச்சு. அதனால் ஒரு விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் பேசலாம்.

போன மாசம் ஒரு குழுவில் ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தொடை இடுக்குல கருப்பா ஒரு படை, வருஷமாகுது, போகல. யாருகிட்ட தாயி காட்டுறது?" என்று கேட்டார். நான் அவருக்குச் சொன்னது என் சொந்தக் கதை.

நான் சமூகப்பணி படித்தவள். உங்களுக்கெல்லாம் சுகாதாரப் பயிற்சி எடுக்கிறவள். எனக்கே அந்த இடத்தில் ரூபாய்க் காசு அளவுக்குப் படை வந்தபோது, பதினோரு மாதம் வாயைத் திறக்கவில்லை. மருந்துக் கடையில் "கையில அரிப்பு" என்று பொய் சொல்லி ஒரு ட்யூப் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. விட்டதும் திரும்ப வந்தது, இந்தத் தடவை உள்ளங்கை அகலத்துக்கு. மறுபடியும் அதே ட்யூப். கடைசியில் தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழுந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் ஆண். "கூட நர்சம்மா இருக்கட்டும் சார்" என்றேன். உடனே கூப்பிட்டார், திரையை இழுத்துவிட்டார். பதினோரு மாதம் பயந்தது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நாம் கேட்டால் நர்ஸை நிறுத்துவார்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அது பூஞ்சைக் கிருமியால் வரும் படை. நான் தடவிய ட்யூபில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அமுக்கும், கிருமியைக் கொல்லாது. உள்ளுக்குள் பரவத்தான் வழி விடும். இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி போட்டது. நாம் கேட்கிறோம், அவர்களும் கொடுக்கிறார்கள்.

டாக்டர் அடுத்துக் கேட்டதுதான் சங்கடம்: "வீட்டுக்காரருக்கும் இருக்கா?" இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே துண்டு. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவர் மூன்று வாரம் அடம் பிடித்தார். நான் மட்டும் மருந்து போட்டு என்ன பயன்? அவரையும் கூட்டிப்போன பிறகுதான் எனக்குக் குணமானது. அரிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை விடவில்லை. கருப்புத் தடம் மறையத்தான் மாதக்கணக்கானது.

இன்னொன்று. நம் உள்ளாடையை எங்கே காயப்போடுகிறோம்? புடவைக்கு அடியில், இருட்டு மூலையில். ஈரம் போகாத துணியைத்தான் மறுநாளும் போடுகிறோம். அதற்கும் வெயில் வேணும்மா.

எல்லாமே படை என்று நினைத்துவிடாதீர்கள். படை திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்க்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். பிறப்புறுப்பில் வலியே இல்லாமல் ஒரு புண் வந்து தானாக ஆறினாலும் ரத்தப் பரிசோதனை அவசியம். பால்வினை நோயாக இருந்தால் கணவருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. மாதவிலக்கு நின்ற நம் அம்மா, மாமியாருக்கு அந்த இடத்துத் தோல் வெளுத்து, காகிதம் மாதிரி சுருங்கி அரிக்கும். "வயசாச்சு, இனி எதுக்குக் காட்டணும்" என்று அவர்கள் சொல்லவே மாட்டார்கள். விட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், அபூர்வமாகப் புற்றுநோயாகவும் மாறலாம். ஆறாத புண், கட்டி, நிறம் மாறும் மச்சம் இவற்றுக்கும் தாமதம் கூடாது.

சீட்டு எழுதும் இடத்தில் "தோல் டாக்டர்" என்றால் போதும், அங்கே விவரம் தேவையில்லை. உள்ளே போய் எங்கே, எத்தனை நாளாக, அரிப்பா வலியா என்று சொல்லுங்கள். தடவிய ட்யூபையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எதைத் தடவினோம் என்று மறைத்தால் டாக்டருக்கும் குழப்பம்தான்.

அந்த அக்காவை வருகிற செவ்வாய்க்கிழமை நான் கூட்டிப்போகிறேன். காலை ஏழு மணி பஸ். வருகிறவர்கள் நிறுத்தத்தில் நில்லுங்கள். எதற்கு என்று நான் கேட்க மாட்டேன்.