தச்சரும் மேசனும்



பொலன்னறுவைக்குச் சென்றோர் பராக்கிரமபாகு மன்னனின் அரண்மனை இடிபாட்டைக் கண்டிருப்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த அம்மாளிகையின் தடித்த செங்கற் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் மேற்பகுதியில் வரிசை வரிசையாகக் குழிகள் தெரியும். மேல்மாடியைத் தாங்கிய மர விட்டங்கள் பொருந்தியிருந்த இடங்கள் அவை. மரம் மறைந்துவிட்டது, அது இருந்த இடத்தைச் சுவர் இன்னும் காட்டி நிற்கின்றது. கட்டடக் கலையின் இரு தொழில்களைப் பற்றிச் சிந்திக்க அக்குழிகளினும் ஏற்ற தொடக்கம் வேறில்லை.

தச்சர் கையாளும் பொருள் ஒருகாலத்தில் உயிரோடிருந்தது. வெட்டிய பின்னரும் அதன் அசைவு அடங்குவதில்லை. காய்ந்தால் சுருங்கும், மாரியில் ஈரங்குடித்து ஊதும். அதுவும் நீளவாட்டில் மிகச் சிறிதே, குறுக்குவாட்டிலேதான் பெரிதும். ஆகவேதான் நல்ல தச்சர் கதவின் நடுப்பலகையை ஆணியடித்து இறுக்குவதில்லை. சட்டத்தில் வெட்டிய காடிக்குள் சிறிது இடம் விட்டுச் செருகிவைப்பார். மரம் மூச்சுவிடுவதற்கு அவர் அளிக்கும் இடம் அது.

மேசன் கையாளும் பொருளோ ஈரத்திலே பிறப்பது. சீமெந்து உலர்வதால் இறுகுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர்; அது பிழை. நீரோடு கூடியே அது இறுகுகின்றது. ஆதலின் கட்டிய வேலையை ஒரு வாரமாவது நனைத்துவர வேண்டும். கொங்கிறீற்றின் வலிமையை 28 ஆம் நாளிற் சோதித்து அளப்பது வழக்கம். தச்சர் ஈரம் போகக் காத்திருப்பார். மேசன் ஈரம் போகாமற் காத்திருப்பார். இருவருக்கும் வேண்டியது காலமே.

பாரத்தைத் தாங்கும் முறையிலும் வேற்றுமை உண்டு. கல்லும் செங்கல்லும் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்கா. மரம் இரண்டையும் தாங்கும். எனவே சுவரெழுப்புவது மேசனுக்கும், இரு சுவர்களுக்கிடையே வெளியைக் கடப்பது தச்சருக்கும் உரியனவாயின. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்திலே, கூரையின் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பில் வந்து கூடும் விந்தையைக் காணலாம். பொலன்னறுவையில் சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரமோ அடிமுதல் முடிவரை கல்லாலாயது. அதன் உள்ளறை சிறியது. கல்லாலே கூரையிடுவோர் அகலத்தை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும்.

தவற்றைத் திருத்தும் வழியும் ஒன்றன்று. தச்சர் குறைத்துக் குறைத்து உருவாக்குபவர். குறுக அறுத்த மரம் மீண்டும் நீளாது. ஆயினும் மூட்டைக் கழற்றி வேறு துண்டைப் பொருத்தலாம். மேசன் சேர்த்துச் சேர்த்து உயர்த்துபவர். சாந்து இறுகும்வரை கல்லை அசைத்துச் சரிசெய்யலாம். இறுகியபின் இடித்தே திருத்தவேண்டும். அதனாலேயே அவர் முதல் வரியில் நூலும் தூக்குக்குண்டும் பிடித்து நெடுநேரம் நிற்கின்றார். அதைச் சோம்பல் என்று கருதுவது நமது அறியாமை.

அவ்வறியாமைக்கு நானும் விலக்கல்லன். முன்னர் நான் அதிபராயிருந்த ஒரு பாடசாலையிலே புதிய வகுப்பறையொன்று கட்டப்பட்டது. திறப்புவிழாவுக்கு நாள் குறித்துவிட்டேன். "ஐயா, கதவுக்கு மேல் வார்த்த விட்டத்தின் முட்டு இன்னும் பத்து நாள் நிற்கட்டும்" என்றார் மேசன். "மரம் பச்சை, ஐயா, மாரி வந்தால் ஊதும்" என்றார் தச்சர். இருவரையும் விரைவுபடுத்தினேன். விழா சிறப்பாக நடைபெற்றது.

கார்த்திகை மழையில் ஒருநாள், அவ்வகுப்பறைக் கதவு உள்ளே பிள்ளைகள் இருக்கையில் இறுகிவிட்டது. ஒவ்வொருவராக யன்னல் வழியே இறக்கினோம். நல்லவேளையாக ஒருவருக்கும் தீங்கில்லை. கதவுக்கு மேலே சுவரில் வெடிப்பொன்று ஓடியிருந்தது. விட்டம் தாழ்ந்து நிலையை அழுத்தியதோ, பலகை ஊதி நிலையை இறுக்கியதோ என்று ஊரார் வாதிட்டனர். மேசன்மீது சிலரும் தச்சர்மீது சிலரும் குறைகூறினர். அவ்விருவரும் நான் குறித்த நாளைப்பற்றி வாய்திறக்கவில்லை. மறுநாட்காலை, பிள்ளைகள் கூடிநின்ற இடத்தில், பிழை என்னுடையதே என்று நான் சொல்லவேண்டியதாயிற்று.

நேயர்களே, இவ்விரு தொழில்களும் சந்திக்கும் இடம் வாசல் நிலை. அசையும் மரமும் அசையாத சுவரும் அங்கே அருகருகே வாழவேண்டும். வீடு கட்ட எண்ணுவோர் அத்திவாரம் வெட்டுமுன் தச்சரையும் மேசனையும் ஒருங்கே அழைத்து, எதற்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டபின் அந்த நாட்களைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லுங்கள்: உளி பிடித்த கையும் சாந்தகப்பை பிடித்த கையும் ஏடு படியாத கைகளாயிருக்கலாம், ஆனால் நாம் படித்தறியாத ஒன்றை அவை அறிந்திருக்கின்றன.