கொய்யா என்ன விலை?

 

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் ஓர் அம்மா சரக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். ஒரு கூடை கொய்யா, ஒரு கூடை சப்போட்டா வாங்கினார். சீட்டில் 'மொத்தம் 700 ரூபாய்' என்று மட்டும் எழுதியிருந்தது.

'கூடைக்கு 350 ரூபாய் இருக்கும்' என்று அவர் நினைத்தார். கொய்யாவை 380 ரூபாய்க்கு விற்றார். 30 ரூபாய் லாபம் என்று மகிழ்ந்தார். உண்மையில் லாபமா?

மறுநாளும் விலை மாறவில்லை. 3 கூடை கொய்யா, 2 கூடை சப்போட்டா எடுத்தார். மொத்தம் 1,800 ரூபாய்.

இப்போது இரண்டு சீட்டையும் சேர்த்துப் படியுங்கள்.

முதல் சீட்டு என்ன சொல்கிறது? 700 ரூபாயில் கொய்யாவின் விலை போக மீதிதான் சப்போட்டாவின் விலை. அப்படியானால் 2 கூடை சப்போட்டா? 1,400 ரூபாயில் 2 கூடை கொய்யாவின் விலை போக மீதி.

இதை இரண்டாம் சீட்டில் சப்போட்டா இருக்கும் இடத்தில் வையுங்கள். 3 கூடை கொய்யாவில் 2 கூடை கழிந்துவிடும். 1 கூடை கொய்யாவின் விலையும் 1,400 ரூபாயும் நிற்கும். சேர்த்தால் 1,800.

ஆகவே கொய்யா 400 ரூபாய். சப்போட்டா 300 ரூபாய்.

அந்த அம்மாவுக்குக் கிடைத்தது லாபம் அல்ல. 20 ரூபாய் நஷ்டம்!

ஒன்றின் இடத்தில் அதற்குச் சமமானதை வைக்கும் இந்த வழிக்குப் 'பிரதியிடும் முறை' என்று பெயர்.

இப்படிப்பட்ட கணக்குகள் கன்னட நாட்டில் மிகப் பழையவை. சுமார் 850ஆம் ஆண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், மகாவீரர் என்ற கணித அறிஞர் வாழ்ந்தார். 'கணித சார சங்கிரகம்' என்ற நூலை எழுதினார். அரங்காச்சாரியார் என்ற பேராசிரியர் 1912இல் அதைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். அதில் ஒரு கணக்கு:

9 நார்த்தம்பழம், 7 விளாம்பழம் சேர்ந்து விலை 107. 7 நார்த்தம்பழம், 9 விளாம்பழம் சேர்ந்து விலை 101. ஒவ்வொரு பழமும் என்ன விலை?

முதலில் இரண்டையும் கூட்டுங்கள். 16 நார்த்தம்பழம், 16 விளாம்பழம், விலை 208. ஆகவே ஒவ்வொன்றில் ஒரு பழம் சேர்ந்து 13. இனி வழி உங்களுக்கே தெரியும். நார்த்தம்பழம் 8, விளாம்பழம் 5 என்று வருகிறதா? செய்து பாருங்கள்.

அடுத்த முறை, தனித்தனி விலையை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். இன்னொரு சீட்டு வரட்டும். இரண்டும் சேர்ந்து உண்மையைச் சொல்லிவிடும்.